இரண்டாவது பேட்டரி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உறையின் மேல் இருப்பது என் கையெழுத்து இல்லை. டயர் கடைக்காரரிடம் கெஞ்சி எழுதி வாங்கினேன். என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாய் என்று தோன்றியது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச இல்லை. ஒரு வேலை விஷயம்.

டிசம்பரில் ஓய்வு பெற்றேன். ரத்த வங்கிக்காக நான் பதினான்கு வருடம் ஓட்டிய வண்டியைக் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்டார்கள். நானே எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. "இந்த ஓட்டை வண்டிய வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று ஸ்டோர்கீப்பர் கேட்டான். "குடியிருக்கப் போறேன்" என்றேன். இன்னும் சத்தமாகச் சிரித்தான். நான் விளையாடவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை.

ரத்தம் கொடுப்பவர்கள் படுக்கும் கட்டில் இரண்டு இருந்தது. ஒன்றைக் கழற்றிவிட்டு அடுப்பு வைக்க மேடையும் ஓர் அலமாரியும் அடித்துவிட்டேன். மற்றது எனக்கு. மே மாதத்தோடு வாடகை வீட்டைக் காலி செய்கிறேன். மூன்று அறையில் ஒருத்தி இருந்துகொண்டு, அதிலும் ஓர் அறையைத் திறக்காமலே காலம் தள்ளுவதற்கு வீடு எதற்கு?

எஞ்சின் எனக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். கரண்ட்தான் ஆகாது. வண்டி நிற்கும்போதும் விளக்கு எரிய வேண்டும், ஃபேன் ஓட வேண்டும். அதற்கு இரண்டாவதாக ஒரு பேட்டரி வைக்க வேண்டுமாம். வண்டி நிற்பது டயர் கடைக்காரரின் கொட்டகையில்தான். அவர், "பழசு பக்கத்துலயே புதுசையும் வெச்சு நேரா கோத்து விட்டுடுங்க, முடிஞ்சுபோச்சு" என்கிறார். அவர் முடிஞ்சுபோச்சு என்று சொன்ன எதுவும் இதுவரை முடிந்ததில்லை.

ஓர் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டேன். வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்க" என்றான். வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

போன் பண்ணாதே. பண்ணினால் துண்டித்துவிடுவேன். உன் குரலைக் கேட்டால், கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது கேட்டுவிடுவேன். எழுது. படம் போட்டு எழுது. விருப்பமில்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடு.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

டயர் கடைக்காரர் சொன்னபடி செய்ய வேண்டாம். நேராக இணைத்தால் இரண்டும் ஒரே பேட்டரி ஆகிவிடும். வண்டி நிற்கும்போது ஃபேன் ஓடினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பிறகு எஞ்சினைக் கிளப்பத் தெம்பு இருக்காது.

எஞ்சினுக்கான பேட்டரி ஒரே மூச்சில் நிறையக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும் வகை. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் கொடுக்கும் வகை. (இங்கே ஒரு வரியை அடித்திருக்கிறேன். மன்னிக்கவும்.)

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அது இரண்டையும் சேர்த்து வைக்கும். எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். அதன் பிறகு உள்ளே என்ன ஓடினாலும் இரண்டாவது பேட்டரி மட்டுமே இறங்கும். எஞ்சினுடையது பத்திரமாக இருக்கும்.

இரண்டு பேட்டரியின் பிளஸ் முனையிலும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வர வேண்டும். ஒயர் எங்காவது உரசித் தீப்பிடிக்காமல் இருக்க அதுதான் காவல். மைனஸ் முனையை வண்டியின் உடம்போடு சேர்த்து முறுக்க வேண்டும். படம் பின்பக்கம்.

எவ்வளவு பெரிய பேட்டரி என்று சொல்வதற்கு, ஓடப்போகும் பொருட்களின் பட்டியல் வேண்டும். எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம். எதையும் விட்டுவிடாமல் எழுதவும். சின்னதுதானே என்று விட்டுவிடுவதுதான் பின்னால் சிக்கலாகிறது.

பேட்டரியைப் புதிதாகவே வாங்கவும். பழையது வேண்டாம். எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

உங்களுக்கு, வேண்டாம், மன்னிக்கவும். எப்போதிலிருந்து எனக்கு இந்த மரியாதை? உனக்கு மூக்கைச் சிந்திவிட்டவள் நான். மேலதிகாரிக்கு மனுப்போட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லைதான். ஆனால் நான் மூத்தவள், முறைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

படம் நன்றாக இருக்கிறது. டயர் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு போட்டது?" என்றார். தம்பி என்றேன். "உங்களுக்குத் தம்பி இருக்காரா?" என்று வாயைப் பிளந்தார். உறையில் முகவரி எழுதச் சொன்னபோது தெரிந்தவர் என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு மாதமாகத் தினமும் பேசுகிற மனிதர். நான் உன்னைப் பற்றி வாயே திறந்ததில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

எல்லாம் சரி. 'எதையும் விட்டுவிடாமல் எழுதவும்.' இந்த வரியை எதற்கு எழுதினாய்?

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து கூடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்: "கரண்ட் போனப்ப அப்பாவோட ஆக்சிஜன் மெஷினைத் தவிர வேற என்னக்கா ஓடிட்டிருந்துச்சு? இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் நிக்கணுமே." நான் சொன்னேன்: "எதுவும் ஓடல. நீ போட்ட பேட்டரிதான் அம்பது நிமிஷத்துல நின்னுபோச்சு. அதோட அப்பா மூச்சும் நின்னுபோச்சு." நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

இப்போது மறுபடியும் அதே கேள்வியைத் தபாலில் கேட்கிறாய்.

பட்டியல் இதோ. விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஐந்து வாட், நாலு மணி நேரம். ஃபேன் இருபது வாட், எட்டு மணி நேரம். போன் சார்ஜ். ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், நாற்பத்தைந்து வாட் என்று ஒட்டியிருக்கிறது, நாள் முழுவதும். அவ்வளவுதான். எதையும் விடவில்லை.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

'நீ' என்று எழுத நான்கு தாள் கிழித்தேன். கை வரவில்லை. மற்றதை எழுதினால் திட்டு விழும். இரண்டும் வராமல் எழுதிப் பார்க்கிறேன்.

நலமா?

நான் இருக்கிறேன். இங்கே ஒரு மலையடிவாரத்தில் டவர். அதன் காலடியில் பேட்டரி அறை. அதை ஒட்டி என் அறை. கட்டில் ஒன்று, நாற்காலி ஒன்று. யாரும் வருவதில்லை என்பதால் இரண்டாவது நாற்காலிக்கு வேலை இல்லை. இருபத்து நான்கு பேட்டரிகளின் வோல்ட்டை நாளுக்கு மூன்று முறை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு வருபவர் வண்டியைவிட்டு இறங்காமலே கை அசைப்பார். சில நாள் என் குரலையாவது கேட்கலாம் என்று அளவுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். ஊர் உலகமெல்லாம் இந்த டவர் வழியாகத்தான் பேசிக்கொள்கிறது. எனக்குத்தான் அழைப்பு வருவதில்லை.

கணக்கு சுலபம். வாட்டை மணியால் பெருக்கி, பேட்டரியின் வோல்ட்டான பன்னிரண்டால் வகுத்தால் ஆம்பியர் கணக்கு வந்துவிடும். ஃபேனுக்குப் பதின்மூன்று வருகிறது. விளக்குக்கும் போனுக்கும் சேர்த்து ஐந்து. ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடாது, குளிர்ந்ததும் தானாக நின்று நின்று ஓடும். அதற்கு முப்பது. ஆக மொத்தம் நாற்பத்தெட்டு. ஆனால் பேட்டரியில் இருப்பதில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆயுசு குறைந்துவிடும். அதனால் நூறு ஆம்பியர் பேட்டரியாக வாங்குவது நல்லது.

ஒரு சந்தேகம். தனி ஆளுக்கு வண்டியில் ஃப்ரிட்ஜ் எதற்கு? பாதிக்கு மேல் அதுதான் தின்கிறது. அதை விட்டுவிட்டால் இதில் பாதி போதும்.

அந்த வரி குத்திக்காட்ட எழுதியதில்லை. என் தொழிலில் எல்லோரிடமும் கேட்பதுதான். அன்று கூடத்தில் கேட்டதும் அப்படித்தான் என்று சொல்லிவிட ஆசை. ஆனால் அது உண்மை இல்லை. அன்று ஏன் கேட்டேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

ஃப்ரிட்ஜ் இன்சுலினுக்கு.

மூன்று வருடமாகப் போட்டுக்கொள்கிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அம்மாவுக்கு இருந்ததே, அதே சர்க்கரைதான். யாரிடம் சொல்வது? எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன், மறுநாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கீரையின் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

நூறு ஆம்பியர் பேட்டரியே வாங்கினேன். புதுசு. பெட்டியைப் பிரிக்கும்போது கடைக்காரரிடம் தேதி கேட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி செய்து, காற்றுப் போக ஓட்டை போட்டு, அசையாமல் வாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். ரிலே முன்பக்கம், எஞ்சின் அறையில். ஃப்யூஸ் நீ சொன்ன ஒரு சாணுக்கு உள்ளேயே. ஒயர் தரைக்கு அடியில் குழாய்க்குள் போகிறது. நாலு நாள் வேலை. முழங்காலில் இரண்டு சில்லும் போய்விட்டது என்று நினைக்கிறேன். டயர் கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். கூலி கேட்காத ஒரே மேஸ்திரி.

கடைசி முறுக்குக்கு முன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் நின்றேன். பேட்டரி என்றாலே எனக்கு இப்போது அப்படித்தான். நான்கு வருடமாக வீட்டு இன்வெர்ட்டரைக்கூடத் தொடுவதில்லை. கரண்ட் போனால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இனி விஷயம். எஞ்சினைக் கிளப்பினேன். ரிலே 'டக்' என்றது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் பேட்டரியில் பதினான்கு புள்ளி இரண்டு. இரண்டாவதில் பன்னிரண்டரைதான். அரை மணி நேரம் ஓடவிட்டும் ஏறவே இல்லை. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. டயர் கடைக்காரர், "அதுக்கும் உங்கள மாதிரியே பிடிவாதம்" என்கிறார். மைனஸை உன் படத்தில் உள்ளபடி கட்டிலுக்கு அடியில் வண்டித் தரையில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கிறேன். என்ன தப்பு செய்தேன்?

எதுவோ இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றாயே. எழுது. நீ எதையும் இன்னொரு நாள் என்று சொன்னால் நான் வாசலில் தபால்காரரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

தப்பு பெயின்ட். அந்த போல்ட்டைக் கழற்றிப் பார். வண்டித் தரையில் பெயின்ட் இருக்கும். அதன் மேல் முறுக்கியிருக்கிறாய். பெயின்ட் வழியாக எதுவும் போகாது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு முறுக்கு. மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு, துரு ஏறாது. பதின்மூன்றரைக்கு மேல் ஏறினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். உன் வேலையில் வேறு குறை ஒன்றும் இல்லை. முன்பு என்னிடம் வேலை கற்ற பையன்கள்கூட முதல் தடவையே வாரால் கட்டியதில்லை.

உனக்குச் சர்க்கரை என்பதை ஒரு ஃப்ரிட்ஜ் கணக்கில் இருந்து தெரிந்துகொண்டேன். நான்கு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

இனி நான் எழுத வேண்டியது.

அப்பாவின் இன்வெர்ட்டருக்கு நான் வைத்த இரண்டு பேட்டரியும் புதுசு இல்லை. டவரில் காலக்கெடு முடிந்து கழற்றிப்போட்டவை. புதுசு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு மாற்றல் வந்திருந்தது, நான்கு நாளில் கிளம்ப வேண்டும். மேலே துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி வைத்தேன். சோதித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் நின்றது. அப்பா கட்டிலில் இருந்தபடி, "புதுசாடா?" என்று கேட்டார். "புதுசுதான்பா, நாலு மணி நேரம் நிக்கும்" என்றேன். அவர் நம்பினார். நீயும் நம்பினாய்.

அடுத்த முறை வரும்போது மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். எட்டு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று கூடத்தில் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதனால்தான். வேறு ஏதோ ஓடியது என்று நீ சொல்லிவிட மாட்டாயா என்று பார்த்தேன். பழியில் ஒரு பங்கை உன் தலையில் வைக்கப் பார்த்தேன். நீ எதுவும் ஓடவில்லை என்றாய். அப்போது தெரிந்துவிட்டது, முழுதும் நான்தான் என்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது?

இனி நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும். போல்ட்டை மட்டும் தேய்த்துவிடு.

தம்பி


மே 4

தம்பிக்கு,

போல்ட்டைத் தேய்த்தேன். பதின்மூன்று புள்ளி எட்டு. உன் கடிதம் வந்த அன்றே செய்துவிட்டேன். பதில் எழுதத்தான் இத்தனை நாள்.

இடையில் நீ போட்ட இரண்டு கடிதமும் வந்தது. ஒன்றில் அளவு ஏறியதா என்று கேட்டிருந்தாய். இன்னொன்றில் தேதியும் 'அக்கா' என்ற ஒரு வார்த்தையும் மட்டும். அதைத்தான் அதிக நேரம் படித்தேன்.

உன் மேல் கோபம் வந்தது. வரவில்லை என்று பெரிய மனுஷி போல எழுத மாட்டேன். ஸ்டிக்கர் ஒட்டினாய் என்ற இடத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு குனிந்து தேடி எடுத்தேன். கோபப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டால் நான் தப்பித்துவிடலாம். நீயே எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய், நான் சும்மா இருந்தால் போதும். ஒரு மாதம் சும்மா இருந்தும் பார்த்தேன். முடியவில்லை.

கூலர் ஓடிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் காலை போய், மறுநாள் மதியம்தான் திரும்பினேன். மூன்று ஊரில் ரத்ததான முகாம். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அன்று இரவும் தங்கியிருந்தாள், நான் வந்ததும் கிளம்பிவிட்டாள். என் அறையில் பிளக் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. கூலர் இல்லாமல் அந்த வெயிலில் கண் மூட முடியாது. ஒரு நீள ஒயரை எடுத்து அப்பா அறையின் பிளக்கில் செருகினேன், நீ மெஷினுக்கென்று தனியாக வைத்த அதே லைனில். இதில் வேறு எதையும் போடாதே என்று நீ சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தாய். அதைப் படித்துக்கொண்டேதான் செருகினேன். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

மெஷின் இரையும். எட்டு மாதமாக அந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தேன். அன்று ஒரு நாள் அது கேட்காமல் தூங்க வேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்தினேன்.

கரண்ட் போனது எனக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் நின்றதும் தெரியாது. நின்றால் மெஷின் கத்தும், உனக்குத் தெரியுமே. அது கத்தியிருக்கும். நான் எழுந்தது அதைக் கேட்டு இல்லை. கூலர் நின்று, வியர்த்துக் கொட்டி எழுந்தேன். எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியவில்லை. நான் கூடத்தில் சொன்ன ஐம்பது நிமிஷம், கரண்ட் வந்த பிறகு இன்வெர்ட்டர் பெட்டி காட்டிய கணக்கு.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த ஒயரைச் சுருட்டி அலமாரிக்கு மேலே எறிந்தேன். அப்பாவின் மூக்கில் கை வைத்துப் பார்த்ததற்கு முன்னாலா, பின்னாலா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான்கு வருடமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கணக்குத் தெரிந்தவன். கூலர் நூற்றி எண்பது வாட். அது ஓடாமல் இருந்திருந்தால் அப்பாவுக்கு எத்தனை நேரம் கிடைத்திருக்கும்? போட்டு அனுப்பு. என்னைத் தேற்றுவதற்காக எதையாவது கூட்டிக் குறைத்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா


மே 12

அக்கா,

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மெஷினும் அறை ஃபேனும் சேர்ந்து நானூறு வாட். நான் வைத்த பழைய பேட்டரி இரண்டிலும், அவை இருந்த நிலைக்கு, அதை ஒன்றேகால் மணி நேரம் ஓட்டத்தான் உயிர் இருந்திருக்கும். கூலரும் சேர்ந்ததால் ஐம்பது நிமிடத்தில் நின்றது. கரண்ட் திரும்பி வந்தது இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து. அன்றைக்கே கரண்ட் ஆபீசில் கேட்டு எழுதி வைத்திருந்தேன். கூலர் ஓடாமல் இருந்திருந்தாலும் மெஷின் நடுவில் நின்றிருக்கும்.

பேட்டரி புதுசாக இருந்திருந்தால், கூலரும் ஓடியிருந்தால்கூட, இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கியிருக்கும். நீ நிம்மதியாகத் தூங்கி எழுந்திருப்பாய். அப்பா, "கூலரை நிறுத்துடி, சளி பிடிக்கும்" என்று கத்தியிருப்பார்.

இதுதான் கணக்கு. இது உன்னைத் தேற்றுவதற்கு இல்லை. கணக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் இப்படித்தான் வருகிறது.

நீ எழுதியதைப் படித்துக் கோபம் வருமா என்று நானும் காத்திருந்தேன். ஒரு நாள் வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் என்னைச் சொன்னாயே என்று. அன்று மதியம் அளவுகளை எழுத மறந்துவிட்டேன். பதினோரு வருட வேலையில், நான் இருந்தும் நோட்டில் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

இங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. வேலிக்கு உள்ளே, மரத்தடியில், நிழலாக. சொல்லி வைக்கிறேன்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

வீட்டைக் காலி செய்துவிட்டேன். அப்பா அறையைத் திறந்து, பெருக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். மெஷினை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தேன். டயர் கடைக்காரர் நான்கு சக்கரத்துக்கும் காற்று அடித்துவிட்டு, "திரும்பி வருவீங்கல்ல?" என்றார். "பஞ்சரானா வர்றேன்" என்றேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணக்கைப் பார்த்தேன். நன்றாகப் போட்டிருக்கிறாய். ஆனால் உன் கணக்கில் வாட் இருக்கிறது, மணி இருக்கிறது, கதவு இல்லை. கதவு திறந்திருந்தால் மெஷின் கத்தியது கேட்டிருக்கும். பக்கத்து வீட்டில் கார் இருந்தது. ஆஸ்பத்திரி பதினைந்து நிமிஷம். அதை நீ போட முடியாது. அது எந்த மீட்டரிலும் வராது. என்னுடையது என்னிடமே இருக்கட்டும், உன்னுடையது உன்னிடம்.

கிளம்பி எட்டு நாள் ஆகிறது. எஞ்சின் ஓடுவது காலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். பேட்டரி அதற்குள் நிறைந்துவிடுகிறது. மருந்து குளிர்ந்தே இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது. சாப்பிடும்போது எதிரே யாரும் இல்லை என்பது வீட்டிலும் இருந்ததுதான். வண்டியில் எதிரே இடமே இல்லை, அதனால் அவ்வளவாகத் தெரியவில்லை. நேற்று ஒரு பெண் வந்து கதவைத் தட்டி, "ரத்தம் குடுக்கணும், இங்கதானே?" என்றாள். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தேன். ஒரு மணி நேரம் தன் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். அந்த மாமியாரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இப்போது நான் நிற்பது உன் டவருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள ஏரிக்கரை. பஸ் நிறுத்தம், டீக்கடை, அதற்கு அடுத்தது நான். மூன்று நாளாக இங்கேயே நிற்கிறேன். காலையில் சாவியைப் போடுகிறேன், எஞ்சின் கிளம்புகிறது, ரிலே சத்தம் கேட்கிறது. பேட்டரி நிறையும் வரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துவிடுகிறேன். வண்டியைக் கொண்டுவந்து உன் வேலிக்குள் நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆகிவிடும். ஆகிவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறு வரை இங்கே இருப்பேன். வந்தால் பேட்டரியைத் திறந்து பார்க்காதே. அது நன்றாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 7

அக்கா,

இதை உன் வண்டிக்குப் பக்கத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொன்றரை பஸ்ஸில் வந்து இறங்கினேன். கருவிப்பை கொண்டு வரவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வண்டி பூட்டியிருந்தது. மூன்று தடவை தட்டினேன். உள்ளே மெதுவாக ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்டது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அந்தம்மாவா? அவங்க பதினோரு மணி பஸ் ஏறிப் போயிட்டாங்களே" என்றார். எங்கே என்று கேட்டேன். "டவர் எங்க இருக்குன்னு விசாரிச்சாங்க. நான்தான் எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு சொல்லிவிட்டேன். வண்டிய எடுத்துட்டுப் போகலாமேன்னேன். வேணாம், சும்மா பாத்துட்டு வந்துடறேன்னாங்க."

எங்கோ வழியில் உன் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டியிருக்கின்றன. நான் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்த எதையும் கவனிக்கவில்லை.

நீ இந்நேரம் வேலிக்கு வெளியே நின்று, பூட்டைப் பார்த்திருப்பாய். யாரிடமாவது கேட்டிருப்பாய். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. டீசல்காரர் இன்று வரும் நாள்தான், அவர் வந்திருந்தால் நல்லது. போன் பண்ணலாம். கையில்தான் இருக்கிறது. பண்ணாதே என்று நீ எழுதியதை இன்னும் திரும்பப் பெறவில்லை, அதனால் பண்ணவில்லை.

முதலில் திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே போனால் நீ இங்கே கிளம்பியிருப்பாய். இரண்டு பேரும் இப்படியே நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே இருப்போம். யாராவது ஒருத்தர் ஓர் இடத்தில் இருந்தாக வேண்டும்.

இன்றைக்கும் நாளைக்கும் லீவு சொல்லியிருக்கிறேன். அதற்கு மறுநாளைக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்பா இறந்தபோது எடுத்தது ஒன்று, இது ஒன்று. மேலதிகாரி போனில், "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். "எங்க அக்கா வந்திருக்காங்க" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாயிற்று. சொன்ன பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நேரில் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வந்ததும் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் நான் பேச வேண்டியதில்லை.

திருப்பத்தில் பஸ் ஒன்று வருகிறது. யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பேனாவை மூடுகிறேன்.